விஞ்ஞானத்துக்கும் பூசாரியா?

(ஓர் ஊர் வாசகசாலையில் பேசிய பேச்சின் சாரம்)



இன்றைக்கு இங்கு வந்து பேசும்படி அழைத்த தோழர்கள் விஷயம் இன்னதென்று குறிப்பிடவில்லை. சமீபத்தில் படித்த புத்தகம் எதைப் பற்றியாவது பேசினால் போதும் என்றார்கள். ஆகவே, சில மாதங்களாக ஒன்றன்பின் ஒன்றாக நாம் படித்து முடித்த ஒரு கதைத் தொடரைப் பற்றியே சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். அது அமெரிக்காவில் அய்சக் அசிமோவ் என்பவர் எழுதிய "பவுண்டேஷன்" என்ற தொடர். பவுண்டேஷன் என்றால் அஸ்திவாரம் என்றும் பொருள், ஸ்தாபனம் என்றும் பொருள். கதைக்கு இரண்டும் பொருந்தும். மொத்தம் 7 புத்தகங்கள்.

"கதையா? கதை கேட்டுக் கேட்டுத்தானே இந்த நாடு இந்தக் கதிக்கு வந்தது!" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் புராணக் கதைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புராணத்தை நம்பு என்கிறார்கள்; நம்பாவிட்டால் நரகம் என்கிறார்கள். இதை எழுதினவரோ, இது என் கற்பனை என்று சொல்லியே எழுதுகிறார். நம்பும்படி யாரையும் கேட்கவில்லை. அன்றியும், இந்தத் தொடரின் உயிர்நாடியான விஷயம் என்னவென்றால், அறிவு எப்படி மதமாக்கப்படுகிறது, ஆக்குகிறவன் யார், ஏமாறுகிறவன் யார் என்பதுதான். அது நம் விஷயம் அல்லவா?

முதலில் ஆசிரியரைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இவர் 1920ஆம் ஆண்டில் ருஷ்யாவில் பெட்ரோவிச்சி என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1923இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தார். தகப்பனார் நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். கடையில் பத்திரிகைகளும் விற்பனைக்கு இருந்தன. விலை மலிந்த கதைப் பத்திரிகைகளைப் பையன் தொடக்கூடாது என்பது தகப்பனாரின் கண்டிப்பு. பையன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு பத்திரிகையின் பெயரிலேயே "சயன்ஸ்" என்ற சொல் இருப்பதைக் காட்டினான். சயன்ஸ் என்று போட்டிருக்கிறதே, படிப்புக்கு உதவும் போலிருக்கிறது என்று தகப்பனார் அனுமதி கொடுத்துவிட்டார். உள்ளே இருந்தது கதை. மேலே இருந்த சொல் சயன்ஸ். விஞ்ஞானம் என்ற ஒரு சொல்லுக்கே எவ்வளவு செல்வாக்கு உண்டு என்பதை 9 வயதிலேயே அனுபவத்தில் கண்டவர் இவர். பின்னாளில் ரசாயன சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பாஸ்டன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அமெரிக்க மனிதாபிமானிகள் சங்கத்துக்கு 1985 முதல் 1992இல் இறக்கும் வரை தலைவராகவும் இருந்தவர்.

நிற்க. 1941 ஆகஸ்டு 1ஆந்தேதி, 21 வயதில், கேம்ப்பெல் என்ற பத்திராதிபரைப் பார்க்கப் பாதாள ரயிலில் போகும்போதுதான் இந்தக் கதையின் கருத்து இவருக்குத் தோன்றியது. ரோம சாம்ராஜ்யம் சரிந்து விழுந்ததைப் பற்றிக் கிப்பன் எழுதிய பெரிய சரித்திரத்தை இவர் படித்திருந்தார். அதே விழுகையை விண்வெளி முழுவதும் பரவிய ஒரு சாம்ராஜ்யத்துக்கு வைத்து எழுதினால் என்ன என்பதுதான் யோசனை. 1942 மே மாதம் முதல் கதை வெளிவந்தது. 1950 வரை 8 கதைகள் வந்தன. அவை 1951, 1952, 1953ஆம் ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயின.

கதை இதுதான். மனிதன் லட்சக்கணக்கான கிரகங்களில் குடியேறிவிட்டான். 12,000 ஆண்டுகளாக ஒரே சாம்ராஜ்யம். தலைநகர் டிரான்டர் ஒரு கிரகம் முழுவதுமே நகரம். ஜனத்தொகை 4,000 கோடி. அங்கே ஹாரி செல்டன் என்ற கணித மேதாவி, ஜன சமூகம் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு புது சாஸ்திரத்தை உண்டாக்குகிறார். ஒரு பானையில் அடைபட்ட ஆவியில் ஒவ்வோர் அணுத்துகளும் எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது. ஆனால் மொத்த ஆவி எவ்வளவு சூட்டில் எவ்வளவு வேகமாக மூடியைத் தள்ளும் என்று சொல்லிவிடலாம். அதுபோலத் தனி மனிதனைப் பற்றி இந்தக் கணக்கு எதுவும் சொல்லாது; கோடானுகோடி மக்களைப் பற்றிச் சொல்லும். ரசாயனம் படித்தவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். செல்டனின் கணக்குப்படி சாம்ராஜ்யம் அழியப் போகிறது; பிறகு 30,000 ஆண்டுகள் இருட்டு. அழிவைத் தடுக்க முடியாது. இருட்டை மட்டும் 1,000 ஆண்டுகளாகக் குறைக்கலாம். அதற்காக விண்மண்டலத்தின் ஓரத்தில், டெர்மினஸ் என்ற கனிவளமில்லாத கிரகத்தில் அறிவாளிகளைக் குடியேற்றி, "பவுண்டேஷன்" என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்துகிறார்.

இதற்காக அவர்மீது விசாரணை நடக்கிறது. உமது கணக்கு சரி என்று காட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். இன்னொரு கணித நிபுணருக்குத்தான் காட்ட முடியும் என்கிறார். தோழர்களே, இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர் முழுவதும் இந்தப் பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. கணிதம் கடினமானது என்பது உண்மைதான். ஆனால் எவனுக்கும் விளங்காதது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா?

டெர்மினஸ்காரர்கள் ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதுவதுதான் தங்கள் வேலை என்று நம்பி 50 ஆண்டுகள் உழைக்கிறார்கள். ஐம்பதாவது ஆண்டு, இறந்துபோன செல்டனின் உருவம் ஒரு மண்டபத்தில் ஒளியாகத் தோன்றி, களஞ்சியம் என்பது உங்களை இங்கே கொண்டுவரச் செய்த தந்திரம்தான் என்று சொல்கிறது! அதற்குள் சுற்றியுள்ள நான்கு ராஜ்யங்கள் வாய் திறந்து நிற்கின்றன. அந்த ராஜ்யங்களில் அணுசக்தி மறந்துபோய், நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் திரும்பிவிட்டார்கள். டெர்மினஸில் அறிவு இருக்கிறது, படை இல்லை. நகரத் தலைவர் சால்வர் ஹார்டின் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். நால்வருக்கும் அணுசக்தியைக் கொடுக்கிறார். ஆனால் விஞ்ஞானமாகக் கொடுக்கவில்லை, மதமாகக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் நாம் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தோம். மின்சார நிலையம் கோவிலாகிறது. அதை ஓட்டுகிறவன் குருக்களாகிறான். எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று அவனுக்குத் தெரியும். அமுக்கினால் ஏன் ஓடுகிறது என்று தெரியாது. தான் செய்வது பூசை என்றே மனப்பூர்வமாக நம்புகிறான். அனாக்ரியான் ராஜாவின் சிங்காசனம் தரையை விட்டு எழும்பி மிதக்கிறது. ராஜாவைச் சுற்றி ஒளிவட்டம் வீசுகிறது. எல்லாம் டெர்மினஸ் கொடுத்த யந்திரத்தின் வேலை. ராஜாவுக்கு அதனால் தெய்வாம்சம் வந்துவிடுகிறது. மதம் பரப்புகிறவனும் ராஜாவும் ஒருவருக்கொருவர் எப்படி முதுகு சொறிந்துகொள்கிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய கதை அதிகம் இல்லை.

பிறகு அந்த ராஜ்யத்தின் காப்பாளனான வீனிஸ், தன் மருமகனாகிய இளவயது ராஜாவை ஓரத்தில் வைத்துவிட்டு, டெர்மினஸின் மீது படையெடுக்கிறான். பழைய சாம்ராஜ்யப் போர்க்கப்பல் ஒன்றைச் செப்பனிட்டுக் கொடுத்ததே டெர்மினஸ்தான். நடுவழியில் கப்பலிலுள்ள குருக்கள் எழுந்து, புனித பூமியின் மீது பாயும் இந்தக் கப்பல் நின்றுபோகட்டும் என்று சபிக்கிறார். கப்பல் நிற்கிறது, விளக்கு அணைகிறது. முன்கூட்டியே உள்ளே வைத்திருந்த ஒரு கருவி செய்த வேலை அது. சாபமிட்ட குருக்களுக்கு அது தெரியாது. சாபம் பலித்தது என்றே நினைக்கிறார். ஊரிலும் அரண்மனை இருட்டாகிறது. குருமார்கள் தலைமையில் ஜனங்கள் அரண்மனையை வளைத்துக் கொள்கிறார்கள். வீனிஸ் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறான்.

படிக்கிறவனுக்கு இந்த இடத்தில் கை தட்டத் தோன்றும். சரி, எதற்காகத் தட்டுகிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? கொடியவன் ஒருவன் ஒழிந்தான். ஒரு சொட்டு ரத்தம் அதிகம் சிந்தாமல் அறிவாளிகளின் ஊர் தப்பியது. அதெல்லாம் மெய்தான். ஆனால் அரண்மனையை வளைத்துக்கொண்ட அந்த ஜனங்களின் கதி என்ன? நேற்று ராஜாவுக்குப் பயந்தார்கள், இன்று சாபத்துக்குப் பயப்படுகிறார்கள். விளக்கு ஏன் எரிகிறது, ஏன் அணைகிறது என்று அவர்களில் ஒருவனுக்கும் சொல்லப்படவில்லை. அவர்கள் காட்டுமிராண்டிகள், விஞ்ஞானத்தை மந்திரமாகத்தான் பார்ப்பார்கள், ஆகவே மந்திரமாகவே கொடுத்தோம் என்பது ஹார்டின் சொல்லும் சமாதானம். உலகத்தில் எந்தப் பூசாரி இதைவிட வேறு சமாதானம் சொல்லியிருக்கிறான்? "பாமரனுக்கு விளங்காது" என்பதுதானே எல்லாப் பூட்டுக்கும் முதல் சாவி! சொல்கிறவன் கையில் சாஸ்திரம் இருந்தால் என்ன, விஞ்ஞானம் இருந்தால் என்ன?

அசிமோவுக்கு இது தெரியாமல் இல்லை. முதல் புத்தகத்தின் கடைசிக் கதையில் ஹோபர் மாலோ என்ற வியாபாரி, பழைய சாம்ராஜ்யத்தின் கைக்குள் இருக்கும் சிவென்னா என்ற கிரகத்துக்குப் போகிறான். அங்கே மலைபோன்ற மின்சார நிலையம். அதைக் காப்பவர்கள் ஒரு தனி வகுப்பார். தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வருகிறவர்கள். ஒரு குழல் எரிந்துபோனால் திருத்தத் தெரியுமா என்று மாலோ கேட்கிறான். காவல்காரனுக்குக் கோபம் வருகிறது. இந்த யந்திரங்கள் என்றென்றும் ஓடும்படி கட்டப்பட்டவை என்கிறான். அதாவது ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். பிறப்பினால் வேலை, வேலையினால் பெருமை, அறிவுக்கு வேலையில்லை. இதை விளக்கிச் சொல்ல நம்மூர்க்காரனுக்கு ஆசிரியர் தேவையில்லை. ஆனால் யூதக் கடைக்காரர் ஒருவரின் மகன், அமெரிக்காவில் உட்கார்ந்து, சாம்ராஜ்யங்கள் சாகும் வியாதி இதுதான் என்று சரியாக நாடி பிடித்துச் சொல்லியிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாயிருக்கிறது.

மாலோ, மதத்தின் காலம் முடிந்தது, இனி வியாபாரம்தான் சக்தி என்கிறான். கொரெல் என்ற நாட்டுக்குக் கத்தியும் சலவை யந்திரமும் விற்று, சண்டை வந்ததும் விற்பனையை நிறுத்தி, வீட்டு யந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்படி செய்து ஜெயிக்கிறான். கதை சுவாரசியமானதுதான். என்றாலும், வியாபாரம் வந்தால் மதம் போய்விடும் என்ற எண்ணத்தை நாம் ஒப்புவதற்கில்லை. நாம் பார்த்த வரையில் இரண்டும் ஒரே கடையில்தான் நடக்கின்றன.

இரண்டாம் புத்தகத்துக்கு வருவோம். இதுதான் தொடரிலேயே மேலானது என்பது நமது அபிப்பிராயம். இங்கேதான் ஆசிரியர் துணியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டுகிறார். பவுண்டேஷன் பெரிய வல்லரசாகிவிட்டது. ஆனால் அதன் மக்கள் எப்படி இருக்கிறார்கள்? ஆபத்து வந்தால் செல்டன் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறார்கள். பிறருக்கு மதம் செய்து கொடுத்தவர்களே, இறந்துபோன ஒரு கணக்காசிரியரைத் தெய்வமாக்கிக்கொண்டு, அவர் உருவம் தோன்றும் நாளுக்காக மண்டபத்தில் கூடிக் காத்திருக்கிறார்கள். அப்போது மியூல் என்ற ஒருவன் வருகிறான். மியூல் என்றால் கோவேறு கழுதை. பிறவியிலேயே மற்ற மனிதரினின்றும் மாறுபட்டவன். எவருடைய மனத்திலும் பயத்தையோ பக்தியையோ நினைத்தபடி ஏற்றக்கூடியவன். தனி மனிதனைப் பற்றி ஒன்றும் சொல்லாத செல்டன் கணக்கில் இவனுக்கு இடமில்லை. மண்டபத்தில் செல்டனின் உருவம் தோன்றி, நடக்காத ஏதோ ஓர் உள்நாட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறது! கேட்டவர்கள் திகைத்து நிற்கையில் அணுசக்தியால் ஓடும் கடிகாரங்கள் நின்றுபோகின்றன. வெளியே மியூலின் கப்பல்கள்.

அனாக்ரியானில் விளக்கு அணைந்தபோது நடுங்கிய ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்றார்களே, இப்போது கடிகாரம் நின்றதும் நடுங்குகிற இவர்கள் யார்? அவர்கள் குருக்களை நம்பினார்கள், இவர்கள் செல்டனை நம்பினார்கள். அவர்களாவது ஏமாற்றப்பட்டவர்கள். இவர்களைக் கணக்கைச் சரிபார்க்க வேண்டாம் என்று தடுத்தவர் வெளியில் எவரும் இல்லை; தாமே விட்டுவிட்டார்கள். பகுத்தறிவு பேசுகிற கூட்டத்தாருக்கும் இது நடக்கலாம், தோழர்களே. "நம் தலைவர் சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவன் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான்.

மூன்றாம் புத்தகத்தில் இன்னொரு திரை விலகுகிறது. செல்டன் இரண்டாவதாகவும் ஒரு பவுண்டேஷனை இரகசியமாக வைத்திருந்தாராம். அவர்கள் மனோதத்துவ நிபுணர்கள். பிறர் மனத்தைத் தொட்டுத் திருத்தக் கூடியவர்கள். திட்டம் தவறும்போதெல்லாம் மறைவில் இருந்து சரிசெய்கிறார்கள். தாங்கள் ஒழிந்துபோனதாக முதல் பவுண்டேஷன் நம்ப வேண்டும் என்பதற்காகத் தங்களில் 50 பேரைப் பலி கொடுக்கிறார்கள். ஏன் இவ்வளவு மறைவு? எதிர்காலம் இன்னதென்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால் ஜனங்கள் மாறிவிடுவார்கள், கணக்குக் கெட்டுவிடும் என்பது காரணம்.

இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது என்பதை மறுக்கக்கூடாது. அரிசி விலை ஏறப் போகிறது என்று நாலு பேர் சொன்னால் ஆளுக்கு இரண்டு மூட்டை வாங்கிப் போட்டு, ஏறாத விலையையும் ஏற்றிவிடுகிறோம். மழை வரும் என்று சொல்வதால் மழை மாறாது. மனிதன் இன்னது செய்வான் என்று அவனிடமே சொன்னால் மனிதன் மாறுவான். பொருளாதாரத்துக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பால் குருக்மன், செல்டனைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசையால்தான் தாம் அந்தப் படிப்புக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆக, கருத்து வீண் கருத்தல்ல. ஆனால் ஜனங்கள் அறிந்தால் மாறுவார்கள் என்பதிலிருந்து, ஆகவே ஜனங்களை அறியவிடாதே என்று எப்படி வரும்? அறிந்து மாறுவதற்குத்தானே அறிவு! மாறாமல் இருப்பதற்கு மாடு போதும். மியூல் மனத்தைத் திருகினால் கொடுங்கோலன். இரண்டாம் பவுண்டேஷன் அதையே செய்தால் பாதுகாவலர். இந்தத் தராசு நமக்குப் பிடிக்கவில்லை.

ஆசிரியருக்கே கடைசியில் இது உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1966இல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று பரிசு கிடைத்தும், வெகு காலம் இதைத் தொடாமல் இருந்துவிட்டு, 1982இல் நான்காம் புத்தகம் எழுதினார். அதில் டிரவிஸ் என்ற இளைஞன், திட்டம் இவ்வளவு பிசகில்லாமல் நடப்பதே சந்தேகத்துக்கு இடமானது, மறைவில் எவனோ இருக்கிறான் என்கிறான். சொன்னதற்காகக் கைது செய்யப்பட்டு ஊரைவிட்டு அனுப்பப்படுகிறான். நாம் இந்தத் தொடரில் முழு மனதோடு நேசித்த பாத்திரம் இவன்தான். ஆனால் இவனையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் முதல் பவுண்டேஷனா, இரண்டாவதா, அல்லது கல்லும் மரமும் மனிதனும் ஒரே மனமாகக் கலந்திருக்கும் கையா என்ற கிரகத்தின் வழியா என்று தீர்ப்புச் சொல்லும்படி இவனிடம் விடப்படுகிறது. கையா என்கிறான். ஏன் என்று அவனுக்கே தெரியாது, மனத்தில் பட்டதாம்! சந்தேகப்பட்டுப் புறப்பட்டவனைக் காரணமில்லாமல் தீர்ப்புச் சொல்ல வைத்தது சரியல்ல. 1986இல் வந்த அடுத்த புத்தகம் முழுவதும் அந்தக் காரணத்தைத் தேடி அவன் அலைவதுதான். தேடிப்போன இடத்தில் இருப்பது 20,000 வயதான ஒரு யந்திர மனிதன். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்து நடத்தியவன் அவனே என்று தெரிகிறது. ஒரு திரையை நீக்கினால் இன்னொரு திரை, ஒரு காவல்காரனுக்குப் பின்னால் இன்னொரு காவல்காரன். கடவுளை வாசல் வழியாக வெளியேற்றிய ஆசிரியர், கொல்லைப்புறமாக ஒரு யந்திரத்தை அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முதல் புத்தகத்தில் பெண்ணைத் தேட விளக்கு வேண்டும். கிடைக்கிற ஒருத்தியும் கொரெல் தலைவனின் மனைவி. கணவனைக் கரித்துக் கொட்டுவதும், மின்னும் நகையைக் கண்டு அடங்குவதும் அவள் வேலை. இத்தனை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் பெண் நகைக்குத்தான் மயங்குவாள் என்றால், எதிர்காலத்தைக் கணக்கிட்டதில் என்ன பயன்? இரண்டாம் புத்தகத்தில் பேட்டா என்ற பெண் வருகிறாள். மியூலுக்குத் தெரியக்கூடாத இரகசியம் வெளிப்பட இருந்த கடைசி நொடியில், ஆண்களெல்லாம் விளங்காமல் நிற்கையில், இவள்தான் விளங்கிக்கொண்டு, தான் மதிக்கிற ஒரு மனிதரையே சுட்டுத் தடுக்கிறாள். மூன்றாவதில் ஆர்க்காடியா என்ற 14 வயதுப் பெண் வீட்டைவிட்டுப் புறப்பட்டு விண்வெளியைச் சுற்றுகிறாள். அதுவரைக்கும் சந்தோஷம். 2021இல் தொலைக்காட்சியில் இந்தக் கதையை எடுத்தவர்கள் ஹார்டினையே பெண்ணாக்கிவிட்டார்கள். கதை அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் படிக்கச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். இந்தப் புத்தகங்களில் எந்தச் சங்கடமும் பிரார்த்தனையால் தீருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டப்படுகிறது. காரணம் பொருந்தவில்லையானால் நாம் சண்டைக்குப் போகலாம். சண்டை போட இடம் கொடுக்கிற புத்தகம் அருமை. பெரும்பாலும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி வாதாடுவதுதான் கதை. வாள் வீச்சு கொஞ்சம்தான்.

படிக்க விரும்பும் தோழர்கள் 1951இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே தொடங்கவேண்டும். செல்டனின் இளமையைச் சொல்லும் இரண்டு புத்தகங்கள் கடைசியில் எழுதப்பட்டவை; ஒன்று 1988இலும், மற்றொன்று ஆசிரியர் இறந்தபின் 1993இலும் வந்தன. கதையின் வரிசைப்படி அவை முன்னால் வரும் என்று சொல்லி அவற்றை முதலில் எடுத்தால், திரைக்குப் பின்னால் இருப்பவனை முதலிலேயே பார்த்துவிட்டு நாடகத்துக்குப் போவதுபோல் ஆகிவிடும். 1,000 ஆண்டுத் திட்டத்தில் ஆசிரியர் சுமார் 500 ஆண்டு வரைதான் எழுதினார். மீதி எழுதப்படவில்லை.

இரண்டாம் பவுண்டேஷன் செய்தது முற்றும் நியாயம் என்று வாதாட இங்கு ஒரு தோழர் தயாராக வந்திருப்பதாகத் தலைவர் அவர்கள் சொன்னார்கள். நேரமும் இருக்கிறது. அவர் பேசட்டும், கேட்போம்.